பேத்தியின் ஐந்தாம் பிறந்தநாளும் ஒரு பானைக் கூழும்

என் மூத்த பேத்தி 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி இரவு ரொறன்ரோவில் பிறந்தாள். அன்று திங்கட்கிழமை, கனடாவின் நன்றி நவிலல் நாள். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர்தான் கொரோனாவின் இரண்டாவது அலை காரணமாக ஒன்ராறியோ அரசு ரொறன்ரோவுக்கான கட்டுப்பாடுகளை மீண்டும் இறுக்கியிருந்தது. நன்றி நவிலல் விருந்தை ஒரே வீட்டில் வசிப்பவர்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வைத்தியசாலைக்குள் மருமகனை மட்டுமே அனுமதித்தார்கள். பிள்ளையின் முகத்தை நானும் என் கணவரும் முதன்முதலில் பார்த்தது தொலைபேசித் திரையில்தான்.

பிள்ளை பெற்ற மகளுக்குத் தாய் செய்ய வேண்டியவை எங்கள் வழக்கத்தில் எவ்வளவோ உண்டு. அவற்றில் என்னால் செய்ய முடிந்தது, மருந்துச் சரக்கு அரைத்துக் கறிவைத்து, பாத்திரத்தைத் துணியால் சுற்றி அவர்களுடைய வாசற்படியில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் நின்று கொள்வதுதான். மகள் யன்னலுக்கு உள்ளே பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். முற்றத்து மேப்பிள் மரத்தின் இலைகள் எங்கள் காலடியில் விழுந்துகொண்டிருக்க, நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்போம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவையும் அவர்கள் இருவர்தான் வீட்டிலே செய்தார்கள். பேர்த்திக்குப் பெயர் வைத்தபோது அவளைச் சூழ்ந்து நிற்க ஒருவரும் இல்லை என்ற குறை என் மனத்தில் நெடுநாள் இருந்தது. அதனாலேயே, அவளுடைய பிறந்தநாள் என்றால் உறவினர் அனைவரும் ஒரு கூரையின் கீழ் வந்து இருக்க வேண்டும் என்பதில் நான் மற்றவர்களைவிடப் பிடிவாதமாக இருக்கிறேன்.

நாட்காட்டியும் எங்களுக்கு உதவி செய்கிறது. கனடாவில் நன்றி நவிலல் நாள் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை என்று நாடாளுமன்றம் 1957இல் நிலையாக அறிவித்தது. இந்நாட்டில் அறுவடை முந்தி முடிந்துவிடுவதால் அமெரிக்காவைப்போல் நவம்பர் இறுதிவரை காத்திருப்பதில்லை. இரண்டாவது திங்கள் எப்போதும் 8ஆம் திகதிக்கும் 14ஆம் திகதிக்கும் இடையில்தான் வரும். ஆகவே 12ஆம் திகதி பிறந்த பிள்ளைக்கு ஒவ்வொரு ஆண்டும் மூன்று நாள் விடுமுறை பிறந்தநாளை ஒட்டியே கிடைத்துவிடுகிறது. ஒட்டாவாவில் இருக்கும் மகனும் மொன்றியலில் இருக்கும் மச்சாளின் குடும்பமும் வேலைக்கு விடுப்புக் கேளாமல் வந்து போக இதைவிட நல்ல காலம் இல்லை. மொன்றியலில் இருந்து 401 நெடுஞ்சாலை வழியாக வந்தாலும் ஏறத்தாழ 540 கிலோமீற்றர். சனவரிப் பனியில் அந்தத் தூரத்தைச் சிறு பிள்ளைகளோடு ஓட்டிக்கொண்டு வரச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒக்டோபரில் வீதி காய்ந்து கிடக்கும். கிங்ஸ்ரன் தாண்டும்வரை இரு பக்கமும் மரங்கள் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் நிற்கும். வருகிறவர்கள் களைப்போடு அல்ல, மகிழ்ச்சியோடு வந்து இறங்குவார்கள்.

மூன்றாவது பிறந்தநாளை மண்டபத்தில் செய்தோம். இங்குள்ள எங்கள் மக்களின் மண்டபக் கொண்டாட்டங்களைக் குறைவாகப் பேசுவோர் பலர் இருக்கிறார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். ஓர் ஊராக வாழ்ந்தவர்கள் போரினால் நாலு திசைக்கும் சிதறி, பல ஆண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் இருந்து, பிறகு ஒரே நகரத்தில் வந்து சேர்ந்தபோது, ஒரு பிள்ளையின் பிறந்தநாளைச் சாட்டாக வைத்து ஊரையே ஒரு மண்டபத்தில் கூட்டிப் பார்க்க ஆசைப்பட்டதில் என்ன தவறு இருக்கிறது? பள்ளித் தோழியை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அப்படியொரு பிறந்தநாள் மண்டபத்தில்தான் நான் மீண்டும் சந்தித்தேன். ஆனால் எங்கள் பேத்தியின் மூன்றாவது பிறந்தநாளில் நான் கண்டது வேறு. பலூன் வளைவின் கீழ் ஒவ்வொரு குடும்பமாக வந்து நின்று படம் எடுத்துக்கொண்டது. பெட்டிக்குள் பரிசு உறைகள் விழுந்தன. ஒலிபெருக்கியின் ஓசையில் பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் நலம் விசாரிக்கவும் கத்த வேண்டியிருந்தது. பிள்ளை அந்த ஓசைக்குப் பயந்து அழுது, கேக் வெட்டிய கையோடு தகப்பனின் தோளில் உறங்கிவிட்டாள். அவளைப் பார்க்கவென்று வந்த என் தாயார், எண்பத்தாறு வயதில், அன்று அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீடு திரும்பினார். மறுநாளே மகள், இனிமேல் வீட்டில்தான் என்று முடிவு செய்தாள். அந்த முடிவு எனக்கு எவ்வளவு நிம்மதியைத் தந்தது என்பதை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கும் எழுதி வைக்கிறேன்.

இந்த ஆண்டு ஒக்டோபர் 12 ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐந்தாவது பிறந்தநாள். இலண்டனிலிருந்து என் தம்பியும் மனைவியும் வியாழக்கிழமையே வந்துவிட்டார்கள். மகன் வெள்ளி இரவும், மொன்றியல்காரர் சனி மதியமும் வந்து சேர்ந்தார்கள். சனிக்கிழமை புரட்டாதிச் சனியாதலால் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்தோம். வீட்டில் அன்று மரக்கறிச் சமையல். மாலையில் பிள்ளைகள் எல்லோரும் பின்வளவில் இறங்கி இலைகளைக் குவித்தார்கள். நகரசபை எடுத்துச் செல்லும் பெரிய கடதாசிப் பைகளில் அவற்றை நிரப்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் குவியல் இடுப்பளவு உயர்ந்ததும் பேத்தி முதலில் குதித்தாள், பின்னால் மற்றவர்களும் குதித்தார்கள். மருமகன் அடுத்த நாளும் அதே இலைகளைத் திரும்பக் கூட்ட வேண்டியதாயிற்று. அவருக்கு அதில் சலிப்பே இல்லை.

நட்சத்திரப் பிறந்தநாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் சிறுவயதில் பிறந்தநாள் என்றாலே அதுதான். திகதி பள்ளிக்கூடப் பதிவுக்கு மட்டும் உரியது. பேத்தி புரட்டாதி மகத்தில் பிறந்தவள். மகத்துப் பெண் சகத்தை ஆளுவாள் என்று என் தாயார் அவளைத் தூக்கும்போதெல்லாம் சொல்லுவார். சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் சுற்றிவர இருபத்தேழு நாளும் சில மணித்தியாலங்களும் ஆகும். சூரிய மாதத்திற்கோ முப்பது, முப்பத்தொரு நாள். எனவே சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வரும். இந்த ஆண்டு புரட்டாதியில் மகம் அப்படித்தான் வந்தது, மாதத்தின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. அப்படி வந்தால் பின்னதைக் கொள்வது எங்கள் வழக்கம்.

ஆனால் புலம்பெயர்ந்த நாட்டில் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்வந்த மகம் இலங்கை நேரத்துக்கு அச்சிட்ட பஞ்சாங்கத்தில் 16ஆம் திகதி வியாழன் மதியத்துக்குப் பின் தொடங்கி வெள்ளி பிற்பகல்வரை நிற்கிறது. வெள்ளி விடியும்போது மகம் நிற்பதால் ஊரில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமையே பிறந்தநாள். ரொறன்ரோ ஒக்டோபரில் இலங்கைக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது. அதைக் கழித்தால் இங்கே மகம் வியாழன் விடியமுன் தொடங்கி வெள்ளி விடியமுன்னரே முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கே வியாழக்கிழமைதான் பிறந்தநாள். ஊரிலிருக்கும் என் தங்கை வெள்ளியன்று அங்கே அருச்சனை செய்வித்தாள். நாங்கள் வியாழன் மாலை பேர்ச்மவுண்ட் வீதியிலுள்ள கனடா கந்தசுவாமி கோயிலில் செய்தோம். இரண்டும் சரியானவையே, ஏனென்றால் இரண்டு இடத்திலும் வானத்தில் நின்ற சந்திரன் ஒன்றுதான்.

ஞாயிறு காலை பேத்தியைத் தோயவார்த்து, பட்டுப் பாவாடை சட்டை உடுத்தி, சாமி அறையில் குத்துவிளக்கு ஏற்றினோம். சர்க்கரைப் பொங்கல் படைத்தோம். என் தாயாரில் தொடங்கி வயது முறைப்படி ஒவ்வொருவராக அவளுக்குத் திருநீறு பூசி வாழ்த்தினார்கள். விழுந்து கும்பிட்டு எழுவதற்குள் அடுத்தவர் காத்திருக்க, கடைசியில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, “அம்மம்மா, இன்னும் எத்தனை பேர்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு வரிசை முடியவில்லை என்று விடை சொல்ல முடிந்ததே, 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் யன்னலுக்கு வெளியே நின்ற எனக்குப் பெரிய கொடை.

பொங்கல் சாப்பிட்டதும் பிள்ளைகளை மோர்னிங்சைட் பூங்காவுக்குக் கூட்டிச் சென்றோம். செப்ரெம்பரிலும் ஒக்டோபரிலும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சாமன் மீன்கள் முட்டையிடுவதற்காக ஹைலண்ட் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும். ஆறு அந்த இடத்தில் முழங்கால் அளவு ஆழம்தான். கரையிலிருந்து பார்க்கும்போது முதலில் கற்கள் மட்டுமே தெரிந்தன. கண் பழகிய பின்னர்தான் கற்களில் ஒன்று அசைந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளமான மீன், முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய, வாலை அடித்து ஒரு பாறையை ஏறப் பார்த்து, வழுக்கி, ஒதுங்கி நின்று மீண்டும் ஏறியது. வால் ஓரம் தேய்ந்து வெண்மையாகிவிட்டிருந்தது. இவை முட்டையிட்டபின் இறந்துவிடும் என்று மருமகன் மெல்லச் சொன்னார். இவ்வேரிக்கு உரிய அத்திலாந்திக் சாமன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவோடு அற்றுப்போக, சினூக் மீனைப் பசிபிக் கரையிலிருந்து 1960களின் இறுதியில்தான் கொண்டுவந்து விட்டார்கள் என்பதையும் அவரே விளக்கினார். பிள்ளைகள் அந்த மீன் பாறையைத் தாண்டும்வரை அங்கிருந்து நகர மறுத்துவிட்டார்கள். அது தாண்டியபோது பக்கத்தில் நின்ற முன்பின் அறியாதவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

வீடு திரும்பியபோது கராஜுக்கு முன்னால் என் கணவரும் தம்பியும் காஸ் அடுப்பை வைத்துப் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவிட்டிருந்தார்கள். இந்த வீட்டில் பிறந்தநாள் விருந்து, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ்தான் என்று கடந்த ஆண்டே தீர்மானித்துவிட்டோம். ரோல்ஸும் பற்றிஸும் கடையிலிருந்து வந்தன, பிள்ளைகளுக்குப் பீட்சாவும் வந்தது. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூழைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வேறெந்த உணவையும் ஒருவரே ஒரு மூலையில் நின்று சமைத்துவிடலாம். கூழ் அப்படி அன்று. நண்டு உடைக்க ஒருவர், இறால் உரிக்க ஒருவர், பயற்றங்காய் முறிக்க ஒருவர், மரவள்ளி சீவ ஒருவர் என்று வீட்டில் உள்ள கைகள் எல்லாவற்றையும் அது கேட்கும். கொதிக்கும் பானையைச் சுற்றி ஆட்கள் தாமாகவே வந்து நின்றுவிடுவார்கள். ஒக்டோபர் குளிரில் அந்த ஆவிக்கு அருகில் நிற்பதும் ஒரு சுகம்.

ஒடியல் மா ஊரில், நெல்லியடியில் வாங்கி என் தங்கை அனுப்பியது. பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து, முளைவிட்ட கிழங்கைத் தோண்டி, அவிக்காமல் பச்சையாகவே கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை இடித்து அரித்தது ஒடியல் மா. அதற்கு ஒரு கயர்ப்பு உண்டு. முதல்நாள் இரவே மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும் அப்படியே செய்தால்தான் அந்தக் கயர்ப்பு போகும். காலையில் சட்டியின் அடியில் சாம்பல் நிறச் சேறாக அது படிந்து கிடந்தது. பேத்தி விரலால் தொட்டுப் பார்த்து, முகர்ந்து, “மண் மாதிரி மணக்குது” என்றாள். அவள் சொன்னது உண்மை. நிலத்துக்குள் மாதக்கணக்காகக் கிடந்த கிழங்கின் மணம் அது, எத்தனை தண்ணீர் மாற்றினாலும் முழுவதும் போகாது, போகவும் கூடாது.

முதலில் ஒரு பிடி அரிசியும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயற்றங்காயும் அவிய வேண்டும். அவை பாதி அவிந்ததும் மீன் தலையும் திருக்கையும் நண்டும், சற்றுப் பொறுத்து இறாலும் கணவாயும் இறங்கும். செத்தல் மிளகாயும் மஞ்சளும் மிளகும் உள்ளியும் அரைத்த கூட்டைப் பழப்புளிக் கரைசலோடும் ஊறிய மாவோடும் சேர்த்துக் கரைத்து, கட்டிபடாமல் துளாவித் துளாவி ஊற்ற வேண்டும். அந்த நிமிடத்தில்தான் பானை மாறும். அதுவரை சலசலத்துக் கொதித்த தண்ணீர் கனத்துப்போய், பெரிய குமிழிகளாக மெல்ல எழுந்து உடையத் தொடங்கும். என் தாயாரைக் கம்பளியால் போர்த்திக் கதிரையில் அருகே இருத்தியிருந்தோம். அவர் எட்டிப் பார்க்காமல், காதால் கேட்டே, “இப்ப முருங்கையிலையைப் போடு, பிள்ளை” என்றார். அறுபத்து நான்கு வயதில் எனக்குப் பிள்ளை என்று கூப்பிட ஒருவர் இருக்கிறார். நான் போட்டேன். ஒரு கரண்டி ஆற்றிக் கொடுத்தபோது, கண்ணை மூடி ருசித்து, “புளி காணாது” என்றார். விட்டோம். சின்னவர்களுக்கென்று உறைப்புக் கூட்டுச் சேர்க்குமுன்னரே ஒரு சிறிய பானையில் பிரித்து வைத்திருந்தோம். பேத்தி அதை ஒதுக்கிவிட்டுப் பெரிய பானையிலிருந்தே கேட்டு வாங்கி, கண்ணீர் வழிய வழியக் குடித்தாள். பனையோலைப் பிளா இங்கே கிடைக்காது, சிரட்டைகளைத் தேய்த்து வைத்திருந்தோம். கூழ் சிரட்டையில் ஊற்றிக் குடிக்கும்போது சூடு உள்ளங்கையில் மெல்லத்தான் ஏறும், அதனால் பேசிக்கொண்டே நெடுநேரம் குடிக்கலாம்.

பரிசுப் பொருள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று மகள் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டிருந்தாள்: தங்களுக்கு ஐந்து வயதாக இருந்தபோது நடந்த ஒன்றைப் பேத்திக்குச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெரும்பாலானோருக்கு அந்த வயதுப் படம் கிடையாது. என் தாயாருக்கு எடுக்கவே இல்லை. மருமகனின் வீட்டு அல்பங்கள் இடப்பெயர்வில் வீட்டோடு போயின. எனவே அவர்களுடைய ஐந்து வயதை இந்தப் பிள்ளைக்குக் காட்ட அவர்களுடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு வழி இல்லை. மண்டபத்தில் இதைச் செய்திருக்க முடியாது. கூழ்ச் சிரட்டைகளோடு எல்லோரும் முன்னறையில் வந்து, கதிரை கிடைத்தவர்கள் கதிரையிலும் மற்றவர்கள் நிலத்திலுமாக இருந்தார்கள்.

முதலில் என் தாயாரை, பேத்தியின் ஆச்சியைக் கேட்டார்கள். “ஆச்சி, உங்களுக்கும் அஞ்சு வயசு இருந்ததோ?” என்று பேத்தி நம்பிக்கையில்லாமல் கேட்டாள். இருந்தது, 1942இல். அந்த ஆண்டு ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. கொழும்பில் உத்தியோகம் பார்த்த உறவினர்கள் குடும்பத்தோடு ரயிலேறி ஊருக்கு வந்துவிட, யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஆச்சியின் வீட்டுத் திண்ணை முழுவதும் பாய் விரித்துப் படுத்திருந்தார்களாம். பர்மா யப்பானியரிடம் விழுந்ததால் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றுபோயிற்று. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி போதவில்லை. “அப்ப எங்களைக் காப்பாற்றினது இந்த ஒடியல்தான். காலமை ஒடியற்பிட்டு, பின்னேரம் கூழ். எனக்கு அது பஞ்சம் எண்டு தெரியாது. வீடு நிறையப் பிள்ளையள், விளையாடக் கொண்டாட்டம்” என்றார். அவர் குரல் இப்போது மெலிந்துவிட்டது. ஆனால் அந்த அறையில் ஒருவரும் அசையவில்லை, எனவே கடைசி வரிசையில் இருந்தவருக்கும் கேட்டது.

நான் பனாட்டைப் பற்றிச் சொன்னேன். ஆவணி மாதத்தில் விடியமுன் பனங்காய் பொறுக்கப் போவது, பழத்தைப் பிசைந்து களியைப் பாயில் பரவிக் காயவைப்பது, காயுமுன் ஓரத்தைக் கிள்ளித் தின்று அடி வாங்குவது. என் மகள் சொன்னது 1999ஆம் ஆண்டு சனவரி. ரொறன்ரோவில் பனி அடங்காமல் கொட்டி, நகரபிதா இராணுவத்தை உதவிக்கு அழைத்த மாதம் அது. நாங்கள் அப்போது ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் குடியிருந்தோம். யன்னலைப் பனி முழுவதும் மூடிவிட, அறைக்குள் பகலிலும் நீல நிற வெளிச்சம் பரவியிருந்ததை அவள் நினைவு வைத்திருக்கிறாள். சீருடைக்காரர் உதவிக்கு வருகிறார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்தபோது தான் துள்ளிக் குதித்ததையும், நானோ யன்னல் திரையை இழுத்துவிட்டதையும் சொன்னாள். எனக்கு அது மறந்துபோயிருந்தது. ஆனால் நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

மருமகன் வழக்கமாக அதிகம் பேசாதவர். அவருக்கு ஐந்து வயது 1995இல். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் பெருந்திரளாக ஒரே இரவில் வெளியேறினார்கள். தகப்பனின் சைக்கிள் பாரில் துவாயை மடித்துப் போட்டு இவரை இருத்தி, பின்னால் அரிசிப் பையைக் கட்டியிருந்தார்களாம். மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்கியபோது சனம் இறுகி, சைக்கிளை உருட்டவும் இடமில்லாமல் மணிக்கணக்காக நின்றிருக்கிறார்கள். அவர் பயத்தைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. முன்னால் நின்ற, யாரென்றே தெரியாத ஒரு வயதான அம்மா தன் குடையைப் பின்னோக்கிப் பிடித்து இவர் தலை நனையாமல் பார்த்துக்கொண்டதையும், விடிந்தபின் சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் சூடாகத் தேநீர் கொடுத்ததையும் மட்டும் சொன்னார். “அந்த அம்மாட பேர் என்ன, அப்பா?” என்று பேத்தி கேட்டாள். தெரியாது என்றார். “கேட்டிருக்கலாமே” என்றாள். அவளுடைய மடியில் என் தம்பியின் கை இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இத்தகைய கதைகளை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாளன்று சொல்லலாமா என்று மச்சாள் பின்னர் என்னிடம் தனியே கேட்டார். நானும் அதை யோசித்தேன். அவளுக்கு அன்றிரவு நினைவில் நின்றது குண்டும் இல்லை, இடப்பெயர்வும் இல்லை. ஆச்சியின் வீட்டுத் திண்ணையில் நிறையப் பிள்ளைகள் படுத்திருந்தார்கள் என்பதும், அப்பாவுக்கு யாரோ குடை பிடித்தார்கள் என்பதும்தான். சொல்லுகிறவர்கள் பிள்ளையின் அளவறிந்து சொன்னார்கள். மீதியை அவள் வளர்ந்தபின் தானே கேட்பாள்; கேட்கும்போது யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மகன் எல்லாவற்றையும் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தான். ஆச்சி சொன்னதை நான் கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒடியற்பிட்டுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ என்பது வரை அதில் இருக்கிறது.

ஒக்டோபர் நடுப்பகுதியில் மாலை ஆறே முக்காலுக்குள் பொழுது பட்டுவிடும். விளக்கைப் போட்டுக் கேக்கை வெட்டினோம். குத்துவிளக்கு காலையிலிருந்தே சாமி அறையில் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைப்பதில்லை. கேக்கின் மெழுகுதிரியை அவள் ஊதினாள். பிள்ளை விரும்புகிறது, அதில் குற்றம் காண எனக்கு ஒன்றுமில்லை. முதல் துண்டை யாருக்குக் கொடுப்பது என்று தாயும் தகப்பனும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நேரே ஆச்சியிடம் கொண்டுபோனாள். ஆச்சிக்கு நீரிழிவு, நகத்தளவு கிள்ளி வாயில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டைப் பற்றி இப்போதே பேசத் தொடங்கிவிட்டோம். 2026இல் ஒக்டோபர் 12ஆம் திகதி மீண்டும் திங்கட்கிழமையாக, நன்றி நவிலல் நாளாகவே வருகிறது, அவள் பிறந்த ஆண்டில் வந்ததைப்போல. தம்பி இம்முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி, விமானச்சீட்டு விலை ஏறுமுன் பதியப் போகிறான். அவர்களுக்கு நிலக்கீழ் அறை, மொன்றியல்காரருக்கு மேல் அறை, மகனுக்கு முன்னறை என்று மகள் எழுதிவிட்டாள். ஆனால் அவ்வாண்டு நவராத்திரி 11ஆம் திகதி தொடங்குகிறது. நண்டும் மீனும் கூடாது. மரக்கறிக் கூழ் வைக்கலாம் என்கிறார் என் தாயார், பலாக்கொட்டையும் மரவள்ளியும் கூடுதலாகப் போட்டு. பேத்தியோ ஏழாம் திகதியே எல்லோரும் வந்துவிட வேண்டும், நண்டுக் கூழ் ஒருநாள், மரக்கறிக் கூழ் ஒருநாள் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு யார் யாருக்கு விடுப்புக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.